எடை வாக்கு

ராஜகுமாரி அக்கா வசுமதியின் மருந்துக்கடைக்கு வந்தால் தலைவலி மாத்திரை வாங்கத்தான் வருவார். அன்றைக்கு மாத்திரை கேட்கவில்லை. கண்ணாடி மேசையில் முழங்கைகளை ஊன்றிக்கொண்டு, "ஞாயித்துக்கெழம வாக்குப் போட மண்டபத்துக்கு வந்துரு வசு. கடையப் பூட்டிட்டு வா. தெருவே வருது," என்றார்.

"எதுக்குக்கா வாக்கு?"

வசுமதி தெரியாமல் கேட்கவில்லை. தெரிந்த விஷயத்தைத் தெரியாத மாதிரிக் கேட்டால் அது நாலு நாள் தள்ளிப் போகும் என்று மனிதர்களுக்கு ஒரு நப்பாசை.

"சுத்தித் திரியறவங்க சட்டம். வேலையும் இல்லாம, துணையும் இல்லாம ரோட்டுல திரியற பெரியாளுங்கள ஊரு எல்லைக்குள்ள விடக் கூடாது. வண்டி வந்து ஏத்திக்கிட்டுப் போயிரும். இல்லத்துல வச்சு வேளாவேளைக்குச் சோறு போட்டுப் பாத்துக்குவாங்க. நல்லதுதான?"

வசுமதியின் கண் தன்னால் வாசலுக்குப் போனது. எதிரே பள்ளிக்கூட வாசலில் அவள் தம்பி பூபாலன் நின்றுகொண்டிருந்தான். முப்பது வயது ஆள். ஐந்து வயதில் வந்த மூளைக் காய்ச்சல் அவன் உடம்பை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அங்கேயே நிறுத்திவிட்டுப் போயிருந்தது. காலையில் இட்லி தின்றுவிட்டுக் கிளம்பினால் பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், ஆற்றுப் பாலம் என்று ஊரைச் சுற்றிவிட்டுப் பள்ளி விடும் நேரத்துக்கு இங்கே வந்து நிற்பான். வேன்கள் ரிவர்ஸ் எடுக்கும்போது கையை ஆட்டி வழி சொல்லுவான். குழந்தைகள் "பாலு மாமா" என்று கத்தும். டிரைவர்கள் டீ வாங்கித் தருவார்கள். இதற்கு மேல் அவனுக்கு உலகத்திடம் எந்தக் கோரிக்கையும் இல்லை.

ராஜகுமாரி அக்காவும் திரும்பிப் பார்த்தார். உடனே பார்வையை இழுத்துக்கொண்டார்.

"பாலுவச் சொல்லலடி. அவன் நம்ம புள்ள."

"சட்டத்துல அப்படி எழுதியிருக்காக்கா?"

அக்கா மேசையிலிருந்து முழங்கைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது குரலைத் தாழ்த்தி, "வராம இருந்துராத. ஜனங்க என்ன நெனப்பாங்கன்னு யோசி," என்றார். மிரட்டிய மாதிரியும் இருந்தது, கெஞ்சிய மாதிரியும் இருந்தது. வசுமதியைப் பயம் அப்போதே பிடித்துவிட்டது.

ஆலங்கரை நகராட்சிக்கு எடை வாக்கு வந்தது நல்லதுக்குத்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்னால் ஊரில் எதற்கு வாக்கெடுத்தாலும் தலைக்கு ஒன்று. ஆற்றுக்கு அக்கரையில் நாற்பது வீட்டுக்காரர்கள் ஒரு நடைபாலம் கேட்டார்கள். இக்கரையில் இருந்த ஆயிரக்கணக்கானவர்கள் பூங்காவில் வண்ண நீரூற்று கேட்டார்கள். நீரூற்று ஜெயித்தது. அந்த ஐப்பசி வெள்ளத்தில், பிரசவத்துக்குத் தவித்த ஒரு பெண்ணைப் பரிசலில் ஏற்றினார்கள். பரிசல் இக்கரைக்கு வரவே இல்லை. பொத்தானை அழுத்தியவர்களைக் கேட்டால் பாதிப் பேருக்கு எதற்கு அழுத்தினோம் என்றே ஞாபகமில்லை. உயிர் போகிற தவிப்பும் போகிற போக்கில் அழுத்திய பொத்தானும் ஒரே எடையா என்று ஊருக்கு வெட்கமாகப் போயிற்று.

அப்போது வந்ததுதான் கவ்வி. ஆக்சிஜன் பார்க்க விரலில் மாட்டுவார்களே, அது மாதிரி. வாக்கை அழுத்தும்போது நாடித் துடிப்பு, வியர்வை, விரல் நடுக்கம் எல்லாவற்றையும் பார்த்து, 'இந்த ஆளுக்கு இது எவ்வளவு முக்கியம்' என்று ஒரு எடை போடும். அதில் நடந்த முதல் வாக்கெடுப்பில் நாற்பது வீடு ஊரையே தோற்கடித்துப் பாலத்தை வாங்கியது. அந்த வருடம் ஆயுத பூஜைக்குக் கவ்விகளுக்குச் சந்தனம் குங்குமமெல்லாம் வைத்தார்கள்.

பிறகு சங்கங்கள் வந்தன. ஏரிக்காக ஒன்று, தெருநாய்க்காக ஒன்று, ஒலிபெருக்கியை ஒழிக்க ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு விஷயம்தான் உயிர். ஏரிச் சங்கத்துக்காரர்கள் நிஜமாகவே ஏரியைச் சுத்தம் செய்தார்கள், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் அக்கறை உள்ள சாதாரண மனிதனின் வாக்கு, தராசில் ஈ உட்கார்ந்த கதையாகிவிட்டது. போகப் போகச் சங்கங்கள் இன்னொன்றையும் கண்டுபிடித்தன. ஆசைக்கு எடை குறைவு. கோபத்துக்குப் பரவாயில்லை. பயத்துக்குத்தான் எடை அதிகம். அதனால் வாக்குப் போடுமுன் உறுப்பினர்களை ஒரே இடத்தில் கூட்டி நன்றாகப் பயப்பட வைப்பது என்று ஒரு வழக்கம் வந்தது. அதற்குப் பெயர் சூடேற்றுதல்.

ராஜகுமாரி அக்காவின் பிள்ளைக் காவல் சங்கத்துக்கு இதில் பெரிய மெனக்கெடல் தேவைப்படவில்லை. அவருடைய மகன் முகிலன் ஆறு வயதில் தெப்பத் திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போனவன். இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தாலே எவருக்கும் தன் பிள்ளையை எண்ணிப் பார்க்கத் தோன்றும். பள்ளிகளுக்குச் சுற்றுச்சுவர், தெருவிளக்கு, கேமரா என்று சங்கம் கேட்டதெல்லாம் நியாயம். வசுமதியும் வாக்குப் போட்டிருக்கிறாள். எல்லாம் கிடைத்த பிறகு கேட்பதற்கு ஒன்றும் இல்லை, பயம் மட்டும் மிச்சமிருந்தது. அதற்கும் தீனி போட வேண்டுமே. பஞ்சுமிட்டாய்க்காரரை வாக்குப் போட்டு விரட்டினார்கள். வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு வீடு விடக் கூடாது என்றானது. முகிலனுக்குப் பிறகு ஊரில் ஒரு குழந்தைகூடத் தொலையவில்லையே என்று யாராவது கேட்டால், "பாத்தீங்களா, அதுதான் சங்கம்" என்றார்கள்.

மறுநாள் அம்மாவுக்கு இன்சுலின் வாங்க சாதிக் வந்தான். நகராட்சியின் கவ்விகளைப் பழுது பார்ப்பவன் அவன்தான். கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு வசுமதி கேட்டாள்.

"பக்கத்து ஊர்ல இந்தச் சட்டம் வந்துச்சே, அந்த இல்லத்துக்குப் போனவங்க யாராச்சும் திரும்பி வந்தாங்களா தம்பி?"

"கேள்விப்பட்டதில்லக்கா."

அவள் வேறொன்று கேள்விப்பட்டிருந்தாள். மொத்த மருந்து வியாபாரி பேச்சுவாக்கில் சொன்னார், அந்த இல்லத்துக்குத் தூக்க ஊசி பெட்டி பெட்டியாகப் போகிறதாம். அவ்வளவு மருந்து அத்தனை பேருக்குப் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பாலு சத்தம் போட மாட்டான். உட்காரச் சொன்ன இடத்தில் உட்காருவான். ஆறு மாதத்தில் நடக்க மறந்துவிடுவான். நினைத்துக்கொண்டே ஒரே இன்சுலின் டப்பாவுக்கு இரண்டு பில் எழுதினாள்.

சாதிக் அதைப் பார்த்தான். "அக்கா, ஒண்ணு சொல்லவா? வெளிய சொல்லிராதீங்க. இந்தத் தடவ ஊர்ல பாதிப் பேருக்குச் சட்டம் பிடிக்கல. ஆனா அவங்க வாக்கு எடை நிக்காது. 'ஐயோ பாவம்'னு நெனச்சு அழுத்துனா என்ன எடை வரும்? ஆனா நீங்க இப்ப இருக்குற நெலமைல வேண்டாம்னு அழுத்துனா, ஒங்க ஒரு வாக்கு எரநூறு வாக்குக்குச் சமம். ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசமே அவ்ளோதான் வரும்னு நெனைக்கிறேன்."

"என் பயத்த வச்சா?"

"மெஷினுக்கு எதுக்காகப் பயப்படுறீங்கன்னு தெரியாதுக்கா. எவ்ளோ பயப்படுறீங்கன்னு மட்டுந்தான் தெரியும்."

பூபாலனுக்குக் காய்ச்சல் வந்த நாளிலிருந்து அவள் சுமந்த பயம் முதல் முறையாக ஏதோ உபயோகத்துக்கு வரப்போகிறது என்று வசுமதிக்குத் தோன்றியது. கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

"மண்டபத்துக்குப் போகாதீங்க," என்றான் சாதிக். "நகராட்சி ஆபீசுலயும் கவ்வி இருக்கு. தனியாப் போயிப் போட்டுட்டு வந்துருங்க."

"டீக்கடை மாரியப்பன் அப்படித்தான போட்டாரு?"

சாதிக் இன்சுலினைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். பஞ்சுமிட்டாய்க்காரர் வாக்கெடுப்பின்போது மாரியப்பன் மண்டபத்துக்கு வரவில்லை. யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. டீ குடிக்க மட்டும் ஒருவரும் போகவில்லை. பிறகு அவர் மகளோடு யாரும் பள்ளியில் பேசவில்லை. பிறகு அவர் கடை முன்னால், 'இவர் எதை மறைக்கிறார்?' என்று யாரோ எழுதி வைத்தார்கள். வீட்டையும் கடையையும் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வசுமதி எங்கே போவாள்? பாலுவுக்கு இந்த ஊரைத் தவிர வேறு வழி தெரியாது.

மண்டபத்துக்கே போவது, அங்கேயே வேண்டாம் என்று அழுத்துவது என்று முடிவு செய்தாள். வலது கையை ஒரு துணிக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் அழுத்த வேண்டும். சட்டப்படி ரகசியம்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கல்யாண வீட்டு வாசனை. வாசலில் பன்னீர் தெளித்தார்கள், உள்ளே கேசரி வெந்துகொண்டிருந்தது. வரிசை வரிசையாக நாற்காலி. எல்லோரும் இடது கையால் பக்கத்து ஆளின் முழங்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சங்கம் தொடங்கிய காலத்தில், அழுகிற தாய்மார்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ராஜகுமாரி அக்கா கொண்டுவந்த பழக்கம் அது. யார் எழுந்து போனாலும், யார் உடம்பு ஆடினாலும் பக்கத்தில் தெரிந்துவிடும். வசுமதியின் முழங்கையைப் பிடித்திருந்தவள் எதிர்வீட்டுக் கோமளா. அவள் மகளை மழை நாட்களில் ரோடு கடக்க வைப்பதே பாலுதான்.

"நல்லவேள வந்தீங்க," என்று கிசுகிசுத்தாள் கோமளா. "வர மாட்டீங்களோன்னு பேசிக்கிட்டாங்க."

"யாரு?"

"எல்லாரும்."

திரைச்சீலைகளை இழுத்துவிட்டார்கள். ஒலிபெருக்கியில் ஒரு குழந்தையின் அழுகைச் சத்தம் தூரத்தில் கேட்டது, பிறகு கிட்டத்தில், பிறகு நின்றுவிட்டது. ராஜகுமாரி அக்கா மேடையில் பேசினார். சத்தம் போட்டுப் பேசவில்லை.

"ஒங்க புள்ள இப்ப எங்க இருக்கு? வீட்லன்னு நெனைக்கிறீங்க. கண்ணால பாத்தீங்களா? நானும் என் பின்னாடிதான் நிக்கிறான்னு நெனச்சேன்."

முன்வரிசையில் ஒருத்தி வீறிட்டாள். வசுமதிக்குப் பிள்ளை இல்லை. ஆனாலும் தம்பியை எண்ணிப் பார்த்தாள். பாலு இப்போது எங்கே நிற்பான்? வாசலைத் தாழ் போட்டுவிட்டு வந்தோமா?

மேடைத் திரையில், மண்டபத்து வாக்குகளுக்கு மட்டும், இரண்டு கட்டங்கள் தோன்றின. வேண்டும் என்றொரு எண், வேண்டாம் என்றொரு எண். எப்போதும் ஊரோடு சேர்ந்தே அழுத்தியவளுக்கு, இதுவரை கவனிக்காதது அப்போதுதான் விளங்கியது. கவ்வியில் பச்சை விளக்கு ஒரே நேரத்தில் எல்லோருக்கும் எரியாது. வரிசைப்படி, ஒவ்வொருவராக எரியும். ஒருத்தர் அழுத்தியதும் திரையில் எண் நகரும். வலது கையை எத்தனை துணி போட்டு மூடினால் என்ன? முதல் வரிசை முடிந்தது. வேண்டும் ஏறிக்கொண்டே போயிற்று. வேண்டாம் என்ற கட்டத்தில் பூஜ்யம். இரண்டாம் வரிசை. பூஜ்யம். மூன்றாம் வரிசை. அந்தப் பூஜ்யத்தை மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது, பால் பொங்குவதைப் பார்ப்பது போல.

நாலாம் வரிசையில் அவள். அவள் வேண்டாம் என்று அழுத்தினால் அந்தப் பூஜ்யம் இரண்டாகவோ மூன்றாகவோ ஆகாது. இருநூறாகக் குதிக்கும். முன்னூறு தலைகள் திரும்பும். முதலில் கோமளாவின் பிடி இறுகும். பிறகு எல்லோரும் எழுந்து எங்கே போவார்கள்? அவள் வீட்டுக்குப் போவார்கள். வீட்டில் பாலு தனியாக இருக்கிறான். யார் கதவைத் தட்டினாலும் சிரித்துக்கொண்டே திறந்துவிடுவான்.

கோமளாவின் விளக்கு எரிந்தது. அவள் கை சில்லிட்டு, ஈரமாக, வெடவெடவென்று ஆடியது. வேண்டும் என்ற எண் எகிறியது.

வசுமதியின் விளக்கு எரிந்தது.

இப்படி உயிர் நடுங்கி அவள் என்றைக்கும் பயந்ததில்லை. ஒரு யோசனை மட்டும் ஓடியது. பொய்யாகப் போடுகிற வாக்குக்கு எடை ஏது? மனசு ஒட்டாத வாக்கு ஒன்றோ இரண்டோதான் காட்டும். ஊரில் மற்றவர்கள் தோற்கடித்துக்கொள்ளட்டும். நான் இங்கிருந்து உயிரோடு வெளியே போய் என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டால் போதும்.

வேண்டும் என்று அழுத்தினாள்.

வேண்டும் கட்டம் ஒரு நொடி நின்றது. பிறகு குதித்தது. முன்வரிசைக்காரர்கள் அத்தனை பேரையும் சேர்த்தாலும் வராத அளவு. மண்டபம் மூச்சை இழுத்துப் பிடித்தது, அப்புறம் கைதட்டியது. யாரோ எழுந்து நின்று தட்டினார்கள். கோமளா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சொந்தத் தம்பியையே விட்டுக்கொடுக்கிற அளவுக்கு ஊர்ப் பிள்ளைகள் மேல் அக்கறையா என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் தழுதழுத்தார்.

பொன்னாடை போர்த்தினார்கள். அந்த வாக்கெடுப்பின் அதிகபட்ச எடைக்குச் சங்கம் கொடுக்கும் சான்றிதழ் ஒன்றும் உண்டு. 'இச்சட்டத்தை மிக அதிகமாக விரும்பியவர்' என்று அவள் பெயரை எழுதி, பிரேம் போட்டு, மறுநாள் அவர்களே வந்து கடைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார்கள். அதைக் கழற்றுகிற தைரியம் அவளுக்கு வரவில்லை.

வாக்கெடுப்பு முடிந்த அன்றைக்கு மண்டபத்திலேயே, கை கழுவுகிற இடத்தில், ராஜகுமாரி அக்கா அவள் பக்கத்தில் வந்து நின்று குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் பேசினார்.

"நீ வேண்டாம்னு அழுத்துவேன்னு நெனச்சேன் வசு. சாமி சத்தியமா, அழுத்திருன்னு வேண்டிக்கிட்டேன்."

வசுமதிக்குப் புரியவில்லை.

"முகிலன யாரும் தூக்கிட்டுப் போகலடி. தெப்பக்கொளத்துல விழுந்திருப்பான். எனக்கு அது தெரிஞ்சு எத்தனையோ வருஷமாச்சு. மேடையில ஏறி, போதும்ப்பா, சங்கத்தக் கலைச்சிருவோம்னு சொல்லணும்னு ஒவ்வொரு தடவையும் நெனைக்கிறேன். கீழ இவங்க மொகத்தப் பாத்ததும் நாக்கு ஒட்டிக்குது."

"ஒங்களுக்கு யாருகிட்டக்கா பயம்? ஒங்க சங்கம்தான?"

"என் வாக்குக்கு என்ன எடை வருதுன்னு பாத்தியா? அது புள்ள பிடிக்கிறவனுக்குப் பயந்து வர்ற எடைன்னா நெனைக்கிற?"

யாரோ வருகிற சத்தம் கேட்டது. அக்கா குழாயை மூடிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கேசரி சாப்டுட்டுப் போ," என்று சத்தமாகச் சொன்னார்.

சட்டம் நிறைவேறியது. சாதிக் கடைக்கு வந்தான்.

"பதிவப் பாத்தேன்க்கா. மேடையில பேசுனப்ப யாருக்கும் பயம் பெருசா ஏறல. அவங்கவங்க விளக்கு எரியறப்பதான் ஏறியிருக்கு. அத்தன பேருக்கும்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "சட்டம் ஜெயிச்ச வித்தியாசம் ஒங்க எடையவிடக் கம்மி," என்றான்.

அன்றிலிருந்து வசுமதி பாலுவை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினாள். அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேன்களைப் பார்த்தான். மூன்றாம் நாள் கொல்லைச் சுவர் ஏறிக் குதித்துவிட்டான். பள்ளி விடும் நேரம். அதே நேரத்துக்குத்தான் நகராட்சி வண்டியும் வந்தது.

வெள்ளை வண்டி. சுத்தமாக இருந்தது. அதிகாரி இளைஞர், மரியாதையானவர். வசுமதி மருந்து எடுத்துக்கொண்டிருந்த கையோடு ரோட்டுக்கு ஓடினாள்.

"என் தம்பி சார். அவனுக்குத் துணை இருக்கு. நான்தான் துணை. பாருங்க, எதிர்லதான் என் கடை."

"பக்கத்துல இருந்தாத்தாம்மா துணை. தனியா நின்னுக்கிட்டிருந்தாரு. விதி அப்படி."

"இந்த ஊர்ல இவனத் தெரியாதவங்க யாருமில்ல சார். கேட்டுப் பாருங்க."

வாசலில் பிள்ளைகளை அழைக்க வந்த தாய்மார்கள் நிறைய நின்றார்கள். கோமளா நின்றாள். அவள் மகள், "பாலு மாமா எங்கம்மா போறாங்க?" என்று கேட்டாள். கோமளா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றாள். ஒவ்வொருத்தியும் மற்றவளைப் பார்த்தாள்.

"எனக்கு இந்தச் சட்டமே வேண்டாம் சார்," என்றாள் வசுமதி. இவ்வளவு சத்தமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. "வேண்டாம்! நான் எதிர்க்கிறேன்!"

அதிகாரி அவள் ஓடிவந்த கடையைப் பார்த்தார். திறந்த வாசல் வழியே சுவரில் மாட்டியிருந்த சான்றிதழ் தெரிந்தது. அருகே போய்ப் படித்துவிட்டு வந்தார். அவர் முகத்தில் கேலி இல்லை, நிஜமான குழப்பம்தான் இருந்தது.

"வசுமதிங்கிறது நீங்கதானம்மா?"

"ஆமா சார்."

"ஊர்லயே இத அதிகமா விரும்புனவங்க நீங்கதான்னு எழுதியிருக்கே."

அவள் வாயைத் திறந்தாள். சுற்றி நின்ற அத்தனை பேரும் அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று பார்த்தார்கள். பயத்தில் போட்டேன் என்று சொல்ல வேண்டும். யாருக்குப் பயந்து என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல அந்த முகங்களைத்தான் காட்ட வேண்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பூபாலன் அதற்குள் தானாகவே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டான். புது வண்டி, மெத்தை இருக்கை, அவனுக்கு ஒரே சந்தோஷம். அக்கா கீழே நிற்பதைப் பார்த்து உள்ளே நகர்ந்து உட்கார்ந்துகொண்டான்.

"ஏறுக்கா, எடம் இருக்கு," என்று பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினான்.